பார்வை இழந்த பெரியவருக்குப் பேசும் கைப்பேசியைப் பழக்குவது எப்படி?

கண் நீர் அழுத்த நோயால் என் பெரியப்பா தம் 64ஆம் வயதில் பார்வையை முழுவதுமாக இழந்தபோது, வீட்டில் எல்லோரும் சேர்ந்து விலையுயர்ந்த கைப்பேசி ஒன்றை வாங்கி, அதில் திரையைப் படித்துக்காட்டும் வசதியை இயக்கி அவர் கையில் கொடுத்தோம். அது இரண்டு மாதம் அலமாரியிலேயே கிடந்தது. அவர் ஒவ்வொரு முறை தடுமாறியபோதும் நாங்கள் "இப்படிக் கொடுங்கள், நான் செய்து தருகிறேன்" என்று அதை வாங்கிக்கொண்டதுதான் காரணம் என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. அதன் பின்னர் அவருக்கும், எங்கள் ஊரில் இதே நிலைக்கு வந்த வேறு சிலருக்கும் கற்றுக்கொடுத்தபோது அறிந்தவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நடுவயதிலோ முதுமையிலோ பார்வை இழந்த ஒருவருடன் இருக்கும் மகன், மகள், மருமகள், பேரப்பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் எஞ்சியிருக்கும் பார்வையைக் கணக்கில் கொள்ளுங்கள்

பார்வை போய்விட்டது என்று வீட்டில் சொல்லப்படுபவர்களில் பலருக்கு ஓரளவு பார்வை எஞ்சியிருக்கும். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவருக்குப் பார்வையில் ஆங்காங்கே கரும்புள்ளிகள் இருக்கலாம். நீர் அழுத்த நோய் உள்ளவருக்கு ஓரப் பார்வை குறைந்து, குழாய் வழியே பார்ப்பதுபோல நடுப்பகுதி மட்டும் தெரியலாம். ஆகவே கைப்பேசியைத் தொடுவதற்கு முன், குறைபார்வைப் பிரிவு உள்ள ஒரு கண் மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்று, எவ்வளவு பார்வை எஞ்சியிருக்கிறது, எந்த வெளிச்சத்தில், எந்தத் தொலைவில், எந்தப் பக்கத்தில் நன்றாகத் தெரிகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 1976ஆம் ஆண்டு மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையிலும், வேறு சில பெரிய கண் மருத்துவமனைகளிலும் இத்தகைய பிரிவுகள் இயங்குகின்றன.

எழுத்தைப் பெரிதாக்கினாலோ, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றினாலோ, திரையின் ஒரு பகுதியை உருப்பெருக்கினாலோ படிக்க முடிகிறவருக்குப் பேசும் திரை உடனடியாகத் தேவைப்படாது. பார்வை மேலும் குறையக்கூடிய நோயாக இருந்தால் மட்டும், இன்னும் கொஞ்சம் தெரிகிற காலத்திலேயே பேசும் திரையையும் சேர்த்துப் பழகிவிடுவது நல்லது. பழக்கம் கைக்கு வந்த பிறகு பார்வை குறைந்தால் அதிர்ச்சி குறைவாக இருக்கும்.

கைப்பேசியை வாங்குவதும் ஆயத்தப்படுத்துவதும்

விலையை விட அமைப்பே முக்கியம். திரையின் ஓரங்கள் வளைந்திராமல் தட்டையாக இருக்க வேண்டும். வளைந்த ஓரத்தில் உள்ளங்கை பட்டு, தொடாத ஒன்று தொட்டதாகிவிடும். விரல்ரேகைப் பொத்தான் திரைக்குள் இருப்பதைவிடப் பக்கவாட்டில், தடவினால் அகப்படும் வகையில் இருப்பது எளிது. காதொலிக் கம்பியைச் செருகும் துளை இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் இயர்போனுக்குத் தனியாக மின்னேற்றம் செய்ய வேண்டிய கவலை இராது. நினைவகம் மிகக் குறைந்த மலிவான கைப்பேசிகளைத் தவிருங்கள். தட்டியதற்கும் குரல் வருவதற்கும் இடையில் ஒரு நொடி தாமதம் ஏற்பட்டாலும், கற்பவர் தாம்தான் தவறு செய்துவிட்டதாக எண்ணி மீண்டும் தட்டுவார். அதிலிருந்து எல்லாம் குழம்பும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் திரையைப் படித்துக்காட்டும் வசதிக்கு டாக்பேக் என்று பெயர். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை என்றோ மாற்றுத்திறன் வசதி என்றோ இருக்கும் பகுதியில் அதைக் காணலாம். ஐபோனில் இதே வேலையை வாய்ஸ்ஓவர் செய்கிறது. டாக்பேக்கை இயக்குவதற்கு முன்பு, அதற்கான குறுக்குவழியை முதலில் அமைத்துவிடுங்கள்: ஒலியைக் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து ஏறத்தாழ 3 நொடி அழுத்திப் பிடித்தால் அது இயங்கும், மறுபடியும் பிடித்தால் நிற்கும். டாக்பேக் இயங்கும்போது ஒரு தட்டுக்குத் திரை செயல்படாது என்பதை அறியாத உறவினர்கள், கைப்பேசி பழுதாகிவிட்டதாக நினைத்துக் கடைக்கு எடுத்துச் சென்றதை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் குறுக்குவழி வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, முகப்புத் திரையைச் சுத்தம் செய்யுங்கள். பார்வை உள்ளவருக்காக அடுக்கப்பட்ட இருபது செயலிகளை அங்கிருந்து அகற்றிவிட்டு, நான்கை மட்டும் நான்கு மூலைகளில் வையுங்கள். திரையின் மூலையை விரல் எளிதில் கண்டுபிடிக்கும். நடுவில் இருப்பதைத் தேட வேண்டியிருக்கும். பின்செல்லவும் முகப்புக்குத் திரும்பவும் விரலை ஓரத்திலிருந்து இழுக்கும் முறை இருந்தால், அதை நிறுத்திவிட்டுத் திரையின் அடியில் மூன்று பொத்தான்கள் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் முறைக்கு மாற்றுங்கள். அழைப்பை முடிக்க மின்பொத்தானை அழுத்தினால் போதும் என்கிற தெரிவும் அணுகல்தன்மைப் பகுதியிலேயே இருக்கிறது, அதையும் இயக்கிவிடுங்கள்.

விரலுக்குப் பழக்கம் வரும்வரை

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வற்புறுத்துவது இந்தப் பகுதியைத்தான். கற்பிப்பதற்கு முன் ஒரு வாரம் நீங்களே கண்ணை மூடிக்கொண்டு டாக்பேக்கைப் பயன்படுத்துங்கள். டாக்பேக்கின் பட்டியலில் திரையை மறைக்கும் தெரிவு ஒன்று உண்டு. அதை இயக்கினால் திரை இருண்டுவிடும், குரல் மட்டும் கேட்கும். அந்த நிலையில் ஓர் அழைப்பை எடுத்து, ஒரு செய்தியைப் படித்து, ஒரு எண்ணைச் சேமித்து முடித்தவர்தான் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கத் தகுதி பெறுகிறார். கண்ணால் பார்த்துக்கொண்டே கற்பிப்பவர் "அதோ அந்தப் பச்சைப் பொத்தானைத் தொடுங்கள்" என்றுதான் சொல்வார். கேட்பவருக்கு அந்தச் சொற்களால் எந்தப் பயனும் இல்லை. "கீழே வலது மூலைக்குப் போய், அங்கிருந்து ஒரு விரல் அகலம் மேலே வாருங்கள்" என்று சொல்லத் தெரிய வேண்டும்.

எதிரில் அமராமல் பக்கத்தில், அதே திசையைப் பார்த்து அமருங்கள். இடமும் வலமும் இருவருக்கும் ஒன்றாக இருக்கும். அவர் விரலைப் பிடித்து இழுக்காதீர்கள். ஓர் அசைவைக் காட்ட வேண்டுமானால் உங்கள் கையின் மேல் அவர் தம் கையை வைத்துக்கொள்ளட்டும். உங்கள் விரல் எப்படி நகர்கிறது என்பதை அவர் உணர்ந்து, பிறகு தாமாகச் செய்யட்டும். ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முதுமையில் காதால் மட்டும் கேட்டு ஒரு திரையை மனத்தில் வரைந்துகொள்வது களைப்பான வேலை, அதிலும் பார்வை இழந்த துயரம் இன்னும் ஆறாத மனத்துக்கு அது இரட்டிப்புச் சுமை.

முதல் பாடம் தொட்டுத் தேடுவது. ஒரு விரலைத் திரையில் வைத்து மெல்ல நகர்த்தினால், விரலுக்கு அடியில் இருப்பதை டாக்பேக் சொல்லும். இரண்டாவது, விரலை வலப்புறமாகச் சட்டென்று தள்ளினால் அடுத்த உருப்படிக்கும் இடப்புறமாகத் தள்ளினால் முந்தையதற்கும் போகலாம். மூன்றாவது, வேண்டியதன் பெயர் கேட்டதும் திரையில் எங்கு வேண்டுமானாலும் இருமுறை தட்டினால் அது திறக்கும். இந்த "எங்கு வேண்டுமானாலும்" என்பதை நிதானமாகப் புரியவையுங்கள். அந்த இடத்திலேயே சரியாகத் தட்ட வேண்டும் என்ற அச்சம் நீங்கிய அன்றைக்குத்தான் என் பெரியப்பாவின் விரல் நடுக்கம் நின்றது. நான்காவது, இரண்டு விரல்களை வைத்து மேலும் கீழும் நகர்த்தினால் பக்கம் உருளும். தொடக்கத்துக்கு இந்த நான்கும் போதும்.

முதல் வாரம் முழுவதும் அழைப்பை எடுப்பதும் வைப்பதும் மட்டுமே பாடமாக இருக்கட்டும். இரு விரல்களால் இருமுறை தட்டினால் வரும் அழைப்பை எடுக்கலாம், பேசி முடித்ததும் அவ்வாறே வைக்கலாம். வீட்டில் உள்ளவர்களும் நண்பர்களும் முறைவைத்து ஒரு நாளைக்குப் பத்து முறை அழைத்தால், மூன்றாம் நாளில் கை தானாகச் செய்யத் தொடங்கிவிடும். இரண்டாம் வாரத்தில் அழைக்கக் கற்றுக்கொடுங்கள். அதன் பின்னர் விரலைக் கீழே தள்ளி உடனே இடப்பக்கம் திருப்பினால் பின்செல்வதையும், மேலே தள்ளி இடப்பக்கம் திருப்பினால் முகப்புக்குத் திரும்புவதையும் சேர்த்துக்கொள்ளலாம். எங்கேனும் வழிதவறினால் முகப்புக்குத் திரும்பிவிடலாம் என்ற தைரியம் வந்தவர் அதன் பிறகு தாமாகவே துழாவிப் பார்க்கத் தொடங்குவார்.

கூகுளிடம் வாயால் சொல்லி அழைக்கும் வசதியை முதலிலேயே காட்டிவிட்டால் எல்லாம் எளிதாக முடிந்துவிடும் என்று சிலர் கருதுகிறார்கள். நான் அதைப் பின்னால் வைக்கவே விரும்புகிறேன். பேருந்து நிலையத்தின் இரைச்சலில் அது வேலை செய்யாது. பத்துப் பேர் நடுவில் தாம் யாரை அழைக்கிறோம் என்று உரக்கச் சொல்லவும் எல்லோரும் விரும்பமாட்டார்கள்.

அவர் விரும்பிய ஒன்றிலிருந்து தொடங்குவதும் முக்கியம். என் பெரியப்பா நாற்பது ஆண்டுகள் காலையில் செய்தித்தாள் படித்தவர். வானொலிச் செய்தியைக் கேட்கச் செய்தபோது அவர் முகம் மாறவில்லை. ஒரு நாளிதழின் இணையப் பக்கத்தில் தலைப்புகளைத் தாமே ஒவ்வொன்றாகத் தள்ளி, வேண்டியதை மட்டும் திறந்து, வேண்டாததைத் தாண்டிச் சென்றபோதுதான் அவருக்கு அந்தக் கருவி தம்முடையதாயிற்று. தேர்ந்தெடுக்கும் உரிமையைத்தான் அவர் இழந்திருந்தார் என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

தமிழ்க் குரலும் தமிழ் எழுத்தும்

கைப்பேசி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தால் பாதிப் பேர் முதல் நாளிலேயே கைவிட்டுவிடுவார்கள். எழுத்தைப் பேச்சாக மாற்றும் பகுதிக்குச் சென்று, கூகுளின் குரலில் தமிழைத் தேர்ந்து, குரல் கோப்பை வைஃபை உள்ள இடத்தில் தரவிறக்கிவிடுங்கள். அப்போதுதான் இணையம் இல்லாத இடத்திலும் அது பேசும். ஈஸ்பீக் என்ற கட்டற்ற மென்பொருளிலும் தமிழ் உண்டு. அதன் குரல் இயந்திரத்தனமானதாயினும் வேகமாகப் பேசும். நீண்ட நாள் பழகியவர்கள் பலர் அதையே விரும்புகிறார்கள். பேச்சின் வேகத்தைத் தொடக்கத்தில் நன்றாகக் குறைத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது கூட்டுங்கள்.

தொடர்புப் பட்டியலில் ஒரு பெயர் தமிழிலும் அடுத்தது ஆங்கில எழுத்திலும் கலந்து கிடந்தால், தமிழ்க் குரல் அவற்றைக் கடித்துத் துப்பும். எல்லாப் பெயர்களையும் தமிழிலேயே மாற்றி எழுதிவிடுங்கள், "மு. அண்ணன் வீடு புதுசு" போன்ற குறிப்புகளை நீக்கி, "முருகன் அண்ணன்" என்று வாயால் அழைக்கும் பெயரையே வையுங்கள். எண்ணை யாருக்காவது அனுப்பும்போது இலக்கங்களுக்கிடையில் இடைவெளி விட்டு எழுதினால் குரல் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லும். சேர்த்து எழுதினால் பல இடங்களில் கோடி, லட்சம் என்று வாசித்துக் குழப்பும்.

செயலிகளில் சில பொத்தான்களுக்குப் பெயரே இராது. டாக்பேக் வெறுமனே "பெயரிடப்படாத பொத்தான்" என்ற பொருளில் ஏதோ சொல்லும். அதன்மேல் நின்றபடி டாக்பேக் பட்டியலைத் திறந்தால் பெயர் சேர்க்கும் தெரிவு இருக்கும். உதவியாளர் ஒரு மணி நேரம் செலவிட்டு, அவர் அன்றாடம் பயன்படுத்தும் செயலிகளில் இத்தகைய பொத்தான்களுக்குத் தமிழில் பெயரிட்டு வைப்பது பெரிய உதவி.

இனி வாட்ஸ்அப். தமிழ்க் குடும்பங்களில் திருமண அழைப்பு, துக்கச் செய்தி, கோயில் திருவிழா நிரல், தெருக் கூட்ட அறிவிப்பு எல்லாம் படமாகவே வருகின்றன. படத்துக்குள் இருக்கும் தமிழ் எழுத்தை டாக்பேக் பெரும்பாலும் படிக்காது. "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகரும். ஒரே வீட்டில் இருந்துகொண்டே தம்பி பேரனின் காதணி விழா நாளை அறியாமல் இருந்தவரை நான் அறிவேன். உறவினர் குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும் பேசி, படத்தை அனுப்பினால் அதன் அடியில் இரண்டு வரி எழுதுங்கள் அல்லது குரல் பதிவு இடுங்கள் என்று கேளுங்கள். குரல் பதிவை அவர் அனுப்ப வேண்டுமானால், ஒலிவாங்கிப் பொத்தானில் நின்று இருமுறை தட்டி, இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். டாக்பேக்கில் நீண்ட அழுத்தம் என்பது இதுதான். தனியாக வரும் படத்தைக் கூகுள் லென்ஸ் வழியாகத் திறந்தால் அச்சுத் தமிழைப் பெரும்பாலும் எழுத்தாக மாற்றித் தரும், கையெழுத்தில் தடுமாறும்.

பழைய எழுத்துருக்களில் அச்சிட்ட கோப்புகள் இன்னொரு தொல்லை. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே இருப்பதால், குரல் பொருளற்ற ஒலிகளை வாசிக்கும். ஊராட்சி, சங்கம், பள்ளி, கோயில் நிர்வாகம் என்று எதில் நீங்கள் பொறுப்பில் இருந்தாலும், அறிவிப்புகளை ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சு செய்து அனுப்புங்கள்.

படிக்கும் ஆர்வம் உள்ளவருக்கு 2016இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் உறுப்பினராகச் சேர உதவலாம். பார்வையற்றோருக்கு நூல்களைப் படிக்கத்தக்க வடிவில் மாற்றித் தருவதற்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. அந்த உரிமையைப் பயன்படுத்துவதில் தயக்கம் வேண்டியதில்லை. கணினியில் வேலை செய்து பழகியவராக இருந்தால், ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கப்பட்ட என்விடிஏ என்ற, திரையைப் படித்துக்காட்டும் கட்டணமில்லா மென்பொருளை விண்டோஸில் நிறுவிக்கொடுங்கள். அதனுடன் வரும் ஈஸ்பீக்கிலேயே தமிழ்க் குரல் இருக்கிறது.

பணம்

ரூபாய்த் தாள்களை விரலாலேயே அடையாளம் காணலாம். புதிய வரிசையில் 100 ரூபாய் 142 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150 நீளம் கொண்டவை. மூன்றின் அகலமும் 66தான். நான்கு மில்லிமீட்டர் வேறுபாட்டை வெறும் கையால் உணர்வது கடினம் என்பதால், 100 ரூபாயின் நீளத்துக்கு ஓர் அட்டையை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அதனுடன் ஒப்பிடப் பழக்குங்கள். தாளின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஓரத்தில் சாய்கோடுகள் மேடாக இருக்கும்: 100இல் நான்கு, 200இல் நான்கு கோடுகளுக்கிடையில் இரண்டு வட்டங்கள், 500இல் ஐந்து. கசங்கிப்போன தாளில் மேடு தேய்ந்திருக்கும். அப்போது ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட மணி என்ற செயலி உதவும். தாளைக் கேமராவுக்கு முன் பிடித்தால் மதிப்பைச் சொல்லும், இணையம் தேவையில்லை. வீட்டில் 500ஐ நீளவாக்கிலும் 200ஐ இரண்டாகவும் மடித்து வைப்பது போன்ற ஒரு முறையை அவரே வகுத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் அதை மாற்றக் கூடாது.

இணையவழிப் பணப் பரிமாற்றத்தில் ஒரே ஒரு கண்டிப்பான விதி: யூபிஐ இரகசிய எண்ணைத் தட்டும்போதும் ஓடிபி வரும்போதும் ஒரு காதில் இயர்போன் இருக்க வேண்டும், திரை மறைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த எண் பிள்ளைகளுக்கும் தெரியக் கூடாது. பெற்றவர் பார்வை இழந்தவுடன் அவருடைய வங்கிக் கணக்கை மகன் கையாளத் தொடங்குவது நம் வீடுகளில் இயல்பாக நடந்துவிடுகிறது. அன்பினால் நடந்தாலும் அது அவரிடமிருந்து இன்னொன்றைப் பறிப்பதுதான். ஒரு வங்கிக் கிளையில் என் பெரியப்பாவுக்கு ஏடிஎம் அட்டை தர மறுத்து, இணைக் கணக்காக மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். பார்வையற்றவருக்குக் காசோலைப் புத்தகம், ஏடிஎம், பாதுகாப்புப் பெட்டகம் போன்ற எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூனிலேயே அறிவுறுத்தியிருக்கிறது. அதைச் சுட்டி எழுத்தில் கடிதம் கொடுத்ததும் அட்டை கிடைத்தது. கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்லும் அடையாளச் சரிபார்ப்பு, பார்வையற்றவர்களையும் அமில வீச்சில் முகம் சிதைந்தவர்களையும் ஒதுக்குகிறது என்ற வழக்கில், மாற்றுவழிகள் வேண்டும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. செயலி மறுத்தால் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு மாற்றுவழி கேளுங்கள்.

வாசலைத் தாண்டி

கைப்பேசி வெள்ளைக் கோலுக்கு மாற்றாகாது. கோலின் உயரம் ஏறத்தாழ மார்பெலும்பு வரை இருக்க வேண்டும். வலது கால் முன்வைக்கும்போது கோல் இடப்பக்கத்தையும், இடது கால் வைக்கும்போது வலப்பக்கத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இதை ஒரு பயிற்றுநரிடம் நேரில் கற்பதே முறை. முழங்காலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் தடைகளை, லாரியின் பின்பலகை, தாழ்ந்த கிளை போன்றவற்றை, சாதாரணக் கோல் கண்டுபிடிக்காது. டெல்லி ஐஐடி உருவாக்கிச் சென்னையில் உள்ள ஒரு நிறுவனம் தயாரித்து, 2014இல் வெளியான ஸ்மார்ட்கேன் என்ற கருவியைக் கோலில் பொருத்தினால், மீயொலி அலைகளால் 3 மீட்டர் வரையுள்ள தடையை உணர்ந்து அதிர்வால் அறிவிக்கும். வெளியில் நடக்கும்போது இரண்டு காதுகளையும் இயர்போனால் அடைக்கவே கூடாது.

நீங்கள் அழைத்துச் செல்லும்போது அவரைப் பிடித்துத் தள்ளாதீர்கள். அவர் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வரட்டும். படி வந்தால் நின்று, ஏறுவதா இறங்குவதா என்று சொல்லுங்கள்.

சான்றும் அட்டையும்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்கே பெரும்பாலான நலத்திட்டங்கள் பொருந்தும். ஒரு கண்ணில் மட்டும் பார்வை முற்றிலும் போய், மற்றக் கண் நன்றாக இருப்பவருக்கு 30 விழுக்காடுதான் கணக்கிடப்படும் என்பதை முன்பே அறிந்திருந்தால் வீண் அலைச்சல் குறையும். ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று ஆகியவற்றுடன் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, குறிப்பிடும் நாளில் அரசு மருத்துவமனையில் மருத்துவரைச் சந்திக்க வேண்டும். பழைய கண் மருத்துவக் குறிப்புகள் அனைத்தையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் எடுத்துச் செல்லுங்கள்.

அட்டை கிடைத்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குச் செல்லுங்கள். பார்வையற்றோருக்குத் தக்க செயலிகளுடன் திறன்பேசி வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. யாருக்குத் தகுதி என்பது அவ்வப்போது மாறுவதால் அலுவலகத்திலேயே கேட்பது நல்லது. சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன்வரும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணமில்லை. உலக வங்கி உதவியுடன் நடக்கும் உரிமைகள் திட்டத்தின் கீழ் விழுதுகள் என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் பல ஊர்களில் திறக்கப்பட்டு வருகின்றன; உங்களுக்கு அருகில் ஒன்று இருக்கிறதா என்றும் அங்கேயே விசாரியுங்கள்.

சுற்றியிருப்பவர்கள்

ஒரே ஒருவர் எல்லாவற்றையும் சுமந்தால், ஆறு மாதத்தில் இருவரும் சோர்ந்துவிடுவார்கள். நான்கைந்து பேரைச் சேர்த்து, ஆளுக்கு ஒரே ஒரு வேலையைப் பிரித்துக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி கைப்பேசிச் சிக்கலை மட்டும் பார்க்கட்டும். தபால், மின்கட்டண அறிவிப்பு போன்ற தாள்களைப் படித்துச் சொல்வது இன்னொருவர் பொறுப்பு. ஆட்டோ நிறுத்தத்தில் ஒருவர் அவருடைய எண்ணை வைத்திருக்கட்டும். மளிகைக் கடைக்காரரிடம், மீதிச் சில்லறையைத் தரும்போது ஒவ்வொரு தாளின் மதிப்பையும் சொல்லிக் கையில் வைக்கும்படி ஒருமுறை கேட்டுக்கொண்டால், பெரும்பாலும் அவர்கள் மறப்பதில்லை. அவரைச் சந்திப்போர் "நான் யார் தெரிகிறதா?" என்று கேட்டுச் சோதிக்காமல், பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கட்டும்; புறப்படும்போதும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இவர்கள் யாரும் அருகில் இல்லாத நேரத்துக்கு, 2015இல் டென்மார்க்கில் தொடங்கிய பி மை ஐஸ் செயலி இருக்கிறது. தன்னார்வலர் ஒருவர் வீடியோ அழைப்பில் வந்து, கேமராவில் தெரிவதைச் சொல்வார். மருந்தின் பெயரையோ சட்டையின் நிறத்தையோ கேட்கலாம். வங்கி அட்டை, இரகசிய எண், ஆதார் ஆகியவற்றை அதில் ஒருபோதும் காட்டக் கூடாது.

பார்வையற்ற இன்னொருவரைச் சந்திக்கச் செய்வதுதான், நான் அறிந்தவரை, எல்லாவற்றிலும் பயன் தரும் உதவி. மதுரை சுந்தரராஜன்பட்டியில் எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம், பூந்தமல்லியில் உள்ள தேசியப் பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் வட்டார மையம் போன்ற இடங்களில், டாக்பேக்கையும் என்விடிஏவையும் ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்துபவர்கள் கிடைப்பார்கள். நான் மூன்று வாரம் விளக்கியும் பிடிபடாத ஒன்றை, அப்படிப்பட்ட ஒருவர் தொலைபேசியிலேயே பத்து நிமிடத்தில் என் பெரியப்பாவுக்குப் புரியவைத்தார். அவர்கள் இருவரும் இப்போது வாரந்தோறும் பேசிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் கிரிக்கெட்டைப் பற்றி.

பராமரிப்பு

கைப்பேசியின் மென்பொருளோ டாக்பேக்கோ புதுப்பிக்கப்பட்ட பிறகு சில சைகைகளும் பட்டியலின் வரிசையும் மாறக்கூடும். தானாகப் புதுப்பிக்கும் தெரிவை நிறுத்திவைத்து, மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அவர் பக்கத்தில் நீங்கள் இருக்கும்போது அதைச் செய்யுங்கள். முடிந்ததும் ஒலிப் பொத்தான் குறுக்குவழி வேலை செய்கிறதா, தமிழ்க் குரல் மாறாமல் இருக்கிறதா, நான்கு மூலைகளிலும் அதே செயலிகள் இருக்கின்றனவா என்று அவரையே சரிபார்க்கச் சொல்லுங்கள். மின்னேற்றக் கம்பியைக் கட்டில் தலைமாட்டில் ஒரே இடத்தில் கட்டிவையுங்கள்.